இடிக்கிற சத்தம் கேட்கவில்லை

சமையல்கட்டில் ஜன்னல் வைப்பதில்லை என்பது அறிவுச்செல்வனின் கொள்கை. கட்சிக்காரர்கள் கொள்கையை மாற்றிக்கொள்ளட்டும், கூட்டணியை மாற்றிக்கொள்ளட்டும். அறிவுச்செல்வன் மாற மாட்டார். தியாகதுருகம் பக்கத்தில் அவருடைய கழனியில் கரும்பு ரகம் எத்தனையோ தடவை மாறிவிட்டது. சமையல்கட்டுச் சுவர் மட்டும் அவர் அப்பா கட்டியபடியே நின்றது.

அவர் மனைவி கோகிலவாணி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் தாளிக்கிறாள். புகை போக வழியில்லாமல் சுவர் கரி பிடித்துப்போயிருந்தது. மிளகாய் வறுக்கிற நாளில் வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் இருமிக்கொண்டே தெருவுக்கு ஓடிவிடுவார்கள். அவள் மட்டும் உள்ளேயே நின்று இருமுவாள்.

"ஒரே ஒரு ஜன்னலுங்க. ஜாஸ்தி ஒண்ணும் கேக்கல."

"எங்கப்பா கட்டன சொவுரு. ஓட்டை போட்டா வூடு தாங்காது."

இது வெளியே சொன்ன காரணம். நிஜமான காரணம் சுவருக்கு அந்தப் பக்கம், வேப்பமரத்தின் கீழே ஒரு கயிற்றுக் கட்டிலாகக் கிடந்தது. 'கழனிக்குப் போயிட்டு வரேன்' என்று செருப்பை மாட்டிக்கொண்டு முன்வாசல் வழியாகக் கிளம்புகிற அறிவுச்செல்வன், வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்து அந்தக் கட்டிலில்தான் விழுவார். மத்தியானம் முழுக்க உறக்கம், உறக்கம் கலைந்தால் செல்போன். அங்கே ஜன்னல் வந்தால் கோகிலவாணியின் கண் நேராக அவர் தொப்பையின் மேல் விழும். அப்புறம் அது கட்டில் இல்லை, கோர்ட்டுக் கூண்டு.

இந்த ஐப்பசியில் அவள் ஒரு படி மேலே போனாள்.

"மேஸ்திரி கிட்ட பேசிட்டன். கைவேல கொஞ்சம் கம்மியானா வந்து முடிச்சித் தர்றன்னாரு."

எந்த மேஸ்திரி என்று அறிவுச்செல்வன் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

கட்டிலில் மல்லாந்து கிடந்து செல்போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது அவருக்கு வழி கிடைத்தது. கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் போகிற பாதையில், ராட்டினமும் சறுக்குத் தொட்டியும் பேய் வீடும் வைத்த ஒரு ரிசார்ட். விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் ஓர் அறிவிப்பு: 'புதுப்பிக்கும் பணி நடப்பதால் சத்தமும் தூசியும் இருக்கும். சிரமத்துக்கு வருந்துகிறோம்.'

அறிவுச்செல்வன் எழுந்து உட்கார்ந்தார். ரெண்டு நாள் அந்தச் சத்தத்திலும் தூசியிலும் கோகிலவாணியைக் குடிவைத்தால் போதும். கட்டட வேலை என்றாலே அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவாள்.

"ரெண்டு நாள் மல மேல ரிசார்ட்ல தங்கப் போறம்" என்றார் சாயங்காலம்.

"இன்னாங்க திடீர்னு?"

"உனக்கும் ஓய்வு வேணாமா?"

"எந்த ரிசார்ட்டு?"

சொன்னார்.

"அங்க வேல நடக்குதுன்னாங்களே."

"நடந்தா நடக்கட்டும். நம்மளயா மண்ணு சொமக்கச் சொல்லப் போறாங்க?"

கோகிலவாணி சிரித்தாள். "சரிங்க. என்னிக்குப் போறம்னு மட்டும் இப்பவே சொல்லிடுங்க" என்றாள்.

கிளம்புகிற அன்று அவருடைய மயில்கழுத்துக் கலர் சட்டையைக் காணோம். கல்யாணம், காதுகுத்து, கரும்பு ஆலை மீட்டிங் எல்லாவற்றுக்கும் அவர் போட்டுக்கொண்டு போகிற சட்டை. காலர் நைந்து நார் நாராகத் தொங்கும்.

"எங்க அது?"

"இருக்கும், எங்க போவப் போவுது" என்றாள் அவள், பையைக் கட்டிக்கொண்டே.

கள்ளக்குறிச்சியில் பஸ் மாறி, கச்சிராயபாளையம் தாண்டி, மலை ஏறினார்கள். மூன்றாவது வளைவிலேயே பனி இறங்கிவிட்டது. ரிசார்ட் நிறுத்தத்தில் இவர்கள் இரண்டு பேர் மட்டும் இறங்கினார்கள். பஸ் பனிக்குள் போய் மறைந்தது, அதன் சத்தமும் சட்டென்று நின்றுபோனது. வருவதாகச் சொன்ன ஜீப் வரவில்லை. நடந்தார்கள். பாதி வழியில் எதிரே ஒரு ஜீப் ஹாரன்கூட அடிக்காமல் இறங்கி வந்தது. பின்னால் நெருக்கி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் தலையோடு துண்டைப் போர்த்தியிருந்தார்கள், ஒருவர் முகமும் தெரியவில்லை. அதில் ஒரு தலை மட்டும் கோகிலவாணியைப் பார்த்து மெல்ல ஆடிய மாதிரி இருந்தது. அறிவுச்செல்வன் நடையை எட்டிப் போட்டார்.

ரிசார்ட்டின் வாசல் ஒரு கோமாளியின் வாய். வண்ணம் சுரண்டிய கோமாளி, கண் இருந்த இடத்தில் இரண்டு பொத்தல். அந்த வாய்க்குள் நுழைந்துதான் போக வேண்டும். உள்ளே நீலத் தார்ப்பாயில் சுற்றிக் கயிறு போட்ட பெரிய பெரிய உருவங்கள் நின்றன. காற்றடித்தால் தார்ப்பாய்கள் மூச்சு விட்டன. ராட்டினத்தில் தொட்டில்கள் இல்லை, வெறும் ஆரக்கால்கள் பனிக்குள் ஏறிப் போயிருந்தன. பாதி பூசிய சுவரில் காரை இன்னும் காயவில்லை. அதன் பக்கத்தில் குடித்து முடிக்காத டீ கிளாஸ்கள் வரிசையாக இருந்தன, ஆடை படிந்து.

சத்தம் மட்டும் இல்லை.

மேனேஜர் கண்ணாயிரம் சாவியோடு ஓடி வந்தார். "வாங்க சார், வாங்க மேடம். நீங்க வந்த நேரம் நல்ல நேரம். ஒரு சத்தம் கெடையாது."

அறிவுச்செல்வனின் முகம் விழுந்தது. "எப்ப சார் இடிப்பீங்க?"

"இடிக்க மாட்டோம் சார்."

"கொஞ்சமாச்சும்?"

"கவலையே படாதீங்க சார். சுத்தி சத்தம்கூட கேக்காது. ஆளுங்க எல்லாரும் போயிட்டாங்க."

"எங்க?"

கண்ணாயிரம் கோகிலவாணியை ஒரு பார்வை பார்த்தார், பிறகு பார்வையைத் தரைக்குக் கொண்டுபோனார். "அது சொல்லக் கூடாதுன்னுட்டாங்க சார்" என்றார்.

அவர்கள் அறைக்கு எதிரே நடையோரமாக வெள்ளைத் துணி போர்த்திய உருவங்கள் சுவரோரம் வரிசையாக நின்றன. பேய் வீட்டுப் பொம்மைகள், பூச்சு வேலை முடிகிற வரைக்கும் இங்கேதான் வைத்திருக்கிறோம் என்றார் கண்ணாயிரம். ஒன்றின் துணிக்கு வெளியே ஒரு கை நீட்டிக்கொண்டிருந்தது. கோகிலவாணி அதில் தன் பையை மாட்டிவிட்டுக் கதவைத் திறந்தாள்.

அறையின் ஒரு பக்கம் முழுக்க ஜன்னல். கோகிலவாணி அதன் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவள்தான், எழுந்திருக்கவில்லை. வெளியே வெறும் வெள்ளை.

"இன்னாத்த அப்பிடிப் பாக்கற? பனி மட்டுந்தான இருக்குது."

"இருக்கட்டுமே. சொவுரு இல்லயே."

அறிவுச்செல்வனுக்கு நெஞ்சில் ஏதோ சுருக்கென்றது. ஒரு ஜன்னல்தானே, வைத்துக்கொடுத்துவிட்டால்தான் என்ன என்று ஒரு கணம் நினைத்தார். உடனே கட்டில் ஞாபகம் வந்தது. சுருக்கு போய்விட்டது.

பொழுது சாயும்போது, எங்கேயாவது கொஞ்சம் தூசியாவது கிடைக்குமா என்று அவர் வெளியே வந்தார். புதிதாக எழுந்துகொண்டிருந்த கட்டடத்தின் சாரத்தில் ஓர் ஆள் காக்கிச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தான். இரண்டு கைகளையும் விரித்து, கீழே குனிந்து.

"ஏம்பா, வேல நடக்குதா?"

இன்னும் பக்கத்தில் போனார். பனி ஒரு தடவை விலகியது. மண்பானைத் தலை, கோணல் மீசை, தொங்கிய சிவப்பு நாக்கு, ஒரு பல் உடைந்த வாய். திருஷ்டி பொம்மை. எந்தக் கட்டட வேலையிலும் கண் படாமல் இருக்கத் தொங்கவிடுவதுதான். அவர் அதைத் தினமும் பத்து இடத்தில் பார்க்கிறவர். ஆனாலும் கால் தானாகத் திரும்பி நடந்தது.

திரும்பும்போதுதான் கோகிலவாணியைப் பார்த்தார். துணி மூடிய குதிரை ராட்டினத்தின் நடுவே, தலையைச் சுற்றி முக்காடு போட்டுக்கொண்டு தனியாக நின்றாள். தன் செல்போனை எடுத்துப் பார்த்தார், ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. யாரும் இல்லாத அந்த இடத்தில் அவள் பேசிக்கொண்டிருந்தாள். தலையாட்டினாள். கையால் காற்றில் ஒரு சதுரம் போட்டுக் காட்டினாள். பிறகு சிரித்தாள்.

அவள் அறைக்கு வந்தவுடன் பையில் இருந்த திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்து அவள் நெற்றி நிறையப் பூசினார்.

"இன்னாங்க இது?"

"குளிருக்கு."

"யாருகிட்ட பேசிக்கினு இருந்த?" என்று அவரே தொடர்ந்து கேட்டார்.

"நம்ம ஆளுங்கதான்" என்றாள், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு. நம்ம ஆளுங்க யார் என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. அந்த இரவை அவர் எப்படிக் கழித்தார் என்பது அவருக்கும் அந்தப் போர்வைக்கும்தான் தெரியும். விடியப்போகிற நேரத்தில் ஏதோ வண்டி வந்து போன மாதிரி இருந்தது.

காலையில் வெளியே வந்து சாரத்தைப் பார்த்தார். பொம்மை இல்லை. கட்டியிருந்த கயிறு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. கீழே காக்கிச் சட்டை ஈரமாகக் கழற்றிப் போட்டபடி கிடந்தது. சட்டையைக் கழற்றிவிட்டுப் போக வேண்டுமானால், அது தானாகத்தான் கழற்றியிருக்க வேண்டும் என்று அவர் மூளை சொன்னது.

அந்த நேரம் பார்த்து, பனிக்குள்ளிருந்து ஒரு பெண் சிரித்தாள். மலை முழுக்கக் கேட்கிற சிரிப்பு. நிற்காமல் சிரித்தாள். அறிவுச்செல்வன் அந்தப் பக்கம் வந்த கண்ணாயிரத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல சார், பேய் வீட்டு ஸ்பீக்கரு. கரண்டு வந்தா தானா சிரிக்கும். நிறுத்தற சுவிட்ச்சு எலக்ட்ரீஷியனுக்குத்தான் தெரியும்."

"கூப்புடுங்க அவர."

"அவரும் போயிட்டாரு சார்."

அறிவுச்செல்வன் அறைக்கு ஓடினார். "கோகிலா, வூட்டுக்குப் போயிடலாம். இப்பவே."

"மத்தியானம் வரைக்கும் இருந்துட்டுப் போலாங்க. டீ கொண்டாந்து கையில தர்றாங்க. நான் வெக்காத டீய எப்ப குடிச்சன்?"

"இன்னா வேணாலும் கேளு, செய்யறன். கெளம்பு."

"ஜன்னலு?"

சிரிப்பு இன்னும் நிற்கவில்லை. எதிரே துணிக்கு வெளியே நீண்டிருந்த கை, பை இல்லாமல் காலியாக அவரை அழைத்தது.

"வெச்சிக்க. ஜன்னலோ, கதவோ."

"சத்தியமா?"

அவள் நீட்டிய உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தார். கோகிலவாணி குதிரை ராட்டினம் வரை போய்விட்டு வந்தாள். "மத்தியானம் ஜீப்பு வருதாம். அதுக்குள்ள போய்ப் பிரயோஜனம் இல்லீங்க. ஈரம் காயணும்" என்றாள். எந்த ஈரம் என்று அவர் கேட்கவில்லை. பனியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

மத்தியானம் ஜீப் வந்தது. பின்னால் உடைந்த செங்கற்கள் கிடந்தன, ஒரு பக்கம் முழுக்கக் கரி. ஏறி உட்கார்ந்தவுடன் அவருக்குத் தும்மல் வந்தது. வறுத்த மிளகாய் வாடை. மலையில் ஏது மிளகாய் என்று யோசித்துக்கொண்டே கச்சிராயபாளையம் வந்து சேர்ந்தார்.

வீடு வந்தபோது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. முன்வாசல் அப்படியே இருந்தது, திண்டுக்கல் பூட்டு அப்படியே இருந்தது. அறிவுச்செல்வனுக்கு உயிர் வந்தது. "கழனிய ஒரு பார்வ பாத்துட்டு வர்றன்" என்று சொல்லிவிட்டு, வீட்டைச் சுற்றி வேப்பமரத்தடிக்குப் போனார். கட்டில் இருந்தது. அப்பாடா என்று அதை நோக்கி நடந்தவர், பாதியில் நின்றார்.

கட்டிலுக்கு மேலே கிளையில் ஓர் ஆள் கைகளை விரித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். மயில்கழுத்துச் சட்டை. நைந்த காலர். அறிவுச்செல்வன் தன் மார்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார், நாம் இங்கேதான் இருக்கிறோமா என்று. காற்றில் அது திரும்பியது. கோணல் மீசை, உடைந்த பல். மலையிலிருந்து இவருக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டது.

பொத்தென்று கட்டிலில் உட்கார்ந்தார். முதுகுக்குப் பின்னால் கிரீச்சென்று ஏதோ திறந்தது. வெளிச்சம் அவர் தொப்பையின் மேல் விழுந்தது.

"பயந்துட்டீங்களா?" என்றாள் கோகிலவாணி, புது ஜன்னலுக்குள்ளிருந்து. சுற்றிலும் சிமெண்ட் பூச்சு இன்னும் ஈரமாக இருந்தது. "நம்ம வூட்டு வேலைக்கும் கண்ணு படக் கூடாதுன்னு மேஸ்திரி கொண்டாந்து மாட்டனாரு. அங்க சும்மாதான தொங்கிக்கினு இருந்துச்சி. அதும் சட்ட நனஞ்சிபோச்சின்னு முன்னாடியே சொன்னாரு, உங்குளுத மறு சாவியோட குடுத்து வெச்சிட்டன்."

"எந்த மேஸ்திரி?"

"இப்பக் கேளுங்க. ரிசார்ட்டு வேல பாக்கற பொன்னுரங்கம். டைல்ஸு லாரி வர ரெண்டு நாளு ஆவுமாம், ஆளுங்க சும்மா குந்திக்கினு இருந்தாங்க. உங்கள எப்பிடி வூட்ட வுட்டு வெளிய கெளப்பறதுன்னு நானும் யோசிச்சிக்கினே இருந்தன். நீங்களே ரிசார்ட்டுன்னு வந்து நின்னீங்க. எலக்ட்ரீஷியனும் வந்து ஃபேனு மாட்டிக் குடுத்துட்டாரு. குதிர ராட்டினத்தாண்டதான் எம்போனுக்கு சிக்னலு கெடச்சிது, முக்காட்டுக்குள்ள வெச்சிக்கினு எல்லாத்தயும் சொன்னன்."

"என்ன ஒரு வார்த்த கேக்காம..."

"கையில அடிச்சி சத்தியம் பண்ணது யாரு?"

அறிவுச்செல்வனுக்குக் கடைசியாக ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. "அதுக்குன்னு இவ்வளவு பெரிய சொவுத்துல, சரியா இந்த எடத்துலயா?"

"கட்டிலு கெடக்கற எடம் பாத்துத்தான் அளவு குடுத்தன்" என்றாள் கோகிலவாணி. ஜன்னல் கம்பிக்கு நடுவே ஒரு கிண்ணம் சின்ன வெங்காயம் வெளியே வந்தது. "கழனிக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள இத உரிச்சிக் குடுத்துடுங்க."

அறிவுச்செல்வன் உரித்தார். தலைக்கு மேலே மயில்கழுத்துச் சட்டைக்காரர் ஒரு வேலையும் இல்லாமல் சுகமாகக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தார்.