காதில் விழுந்த விலை

"நாப்பதுக்கு மேல ஒரு பைசா ஏற மாட்டாங்க. மேல கேட்டா, அடுத்த தெரு வீட்டை முடிச்சிட்டுப் போயிடுவாங்க."

ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த சதுரடி அப்படியே உறைந்துபோனார். சொன்னது அவருடைய மனைவி. சோபாவில் மல்லாந்து படுத்து, கண்ணை மூடி, வாயை லேசாகத் திறந்து வைத்திருந்தாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் போடும் குட்டித் தூக்கம் அது. சொல்லி முடித்ததும் சின்னதாக ஒரு குறட்டை வேறு விட்டாள்.

வேறு எந்தக் கணவனாக இருந்தாலும் சிரித்துவிட்டு விளையாட்டுச் செய்திப் பக்கத்துக்குப் போயிருப்பான். சதுரடியோ பேப்பரைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார்.

சதுரடி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போனால்கூட, நோயாளியை விட்டுவிட்டு அறையைக் காலால் அளப்பார். அதனால் வந்த பட்டம். தொழில், வீடு வாங்கி விற்றுத் தரும் புரோக்கர். சும்மா தெருவில் நின்று கமிஷன் பார்க்கிற புரோக்கர் இல்லை. வீட்டுப் புரோக்கர்களுக்கான வாரியம் நடத்துகிற பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, அதைக் கண்ணாடி போட்டு ஆபீஸ் சுவரில் மாட்டியிருப்பவர்.

மனைவியையும் அந்தப் பரீட்சை எழுதச் சொன்னது அவர்தான். பாடம் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். அவள் அவரைவிட அதிக மார்க் வாங்கினாள். அதோடு விட்டாளா? அதே தெருவில், எதிர் வரிசையில் இருந்த இன்னொரு ஆபீஸில் போய்ச் சேர்ந்துகொண்டாள்.

"ஏம்மா, நம்ம ஆபீஸ்ல ஒரு நாற்காலி சும்மாதானே கிடக்கு?" என்று கேட்டதற்கு, "வீட்டுல பார்க்கிற முகத்தையே ஆபீஸ்லயும் பார்க்கணுமாங்க?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள். ஊரெல்லாம் அவளைக் கெட்டிக்காரி என்று சொல்லும்போது சதுரடிக்கு உள்ளூரப் பெருமைதான்.

இதுவரை தொந்தரவு இல்லை. இப்போது ஒரு மூலை வீடு வந்து சேர்ந்தது. விற்பவர் ஒரு பல் டாக்டர், அவருக்குப் புரோக்கர் சதுரடி. வாங்க வந்த பார்ட்டிக்குப் புரோக்கர் அவர் மனைவி. ஒரே வியாபாரத்தில் புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம். வாரியம் இதைத் தடுப்பதில்லை. ஆனால் ஒரு தரப்பின் ரகசியம் அடுத்த தரப்பின் காதுக்குப் போகவே கூடாது. இருவரையும் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கிய விசாரணை அதிகாரி, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துச் சொன்னார்:

"வீட்டுக்குள்ள இந்த வீட்டைப் பத்தி மூச்சு விடக் கூடாது. பேசறதா இருந்தா ஆபீஸ் போன்ல, ஆபீஸ் மரியாதையோட பேசணும். ரகசியம் கசிஞ்சா ரெண்டு லைசென்ஸும் ஒரு வருஷம் முடக்கம். முக்கியமா உங்களுக்குச் சொல்றேன் சார். கடல் நினைவிருக்கில்ல?"

கடலை மறக்க முடியுமா? போன வருடம் ஒரு வீட்டுக்கு 'கடல் தெரியும் வீடு' என்று சதுரடி விளம்பரம் கொடுத்திருந்தார். தெரியும்தான். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி, நுனிக்காலில் நின்று, கழுத்தை நீட்டினால் தெரியும். வாங்கியவர் ஏறியும் பார்த்தார். இறங்கத்தான் முடியவில்லை. தீயணைப்பு வண்டி வந்தது, பின்னாலேயே வாரியத்தின் கடைசி எச்சரிக்கையும் வந்தது.

இனி ஒரு புகார் வந்தால் தொலைந்தது. லைசென்ஸ் போனால் சதுரடிக்கு வேறு தொழில் தெரியாது. இதற்கு முன்னால் குடைக்கடை வைத்து, அடைமழைக் காலத்தில் நஷ்டப்பட்டுக் கடையை மூடியவர் அவர்.

அவசர அவசரமாக விதிப் புத்தகத்தைப் புரட்டினார். தன் பார்ட்டிக்கு உதவக்கூடிய எதையும் புரோக்கர் மறைக்கக் கூடாது என்று ஒரு விதி சொன்னது. எதிர்த் தரப்பு ரகசியம் கிடைத்தால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று இன்னொரு விதி சொன்னது. டாக்டரிடம் சொன்னாலும் போச்சு, சொல்லாவிட்டாலும் போச்சு. தூங்குகிறவர்களைப் பற்றி எந்தப் பக்கத்திலும் ஒரு வார்த்தை இல்லை.

மனைவி எழுந்ததும் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தார்.

"ஏம்மா, உனக்குக் கனவுல நம்பர் ஏதாவது வருமா?"

"ஏங்க, லாட்டரிச் சீட்டு வாங்கப் போறீங்களா?"

"இல்ல... சும்மா கேட்டேன்."

"என்ன நம்பர் வந்ததுன்னு கேக்கறீங்க?"

சதுரடி வாயைத் திறந்தார். சொன்னால் அது வீட்டுக்குள் அந்த வீட்டைப் பற்றிய பேச்சு. வாயை மூடிக்கொண்டார்.

மறுநாள் சாப்பிட்டு முடித்ததும் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். துணி மடித்துக்கொண்டிருந்த மாமியார் அவரையே உற்றுப் பார்த்தாள்.

"காது வலியா மாப்பிள்ளை?"

"என்ன?"

"காது வலியான்னு கேட்டேன்!"

"இன்னும் பசிக்கல அத்தை."

மாமியார் தலையில் அடித்துக்கொண்டு மடித்த துணியோடு உள்ளே போனாள். சற்று நேரத்தில் சோபாவிலிருந்து குரல் வந்தது. நேற்று முனகலாக இருந்தது இன்று ரயில் நிலைய அறிவிப்பாக இருந்தது. "நாப்பது! நாப்பதுதான் கடைசி!" பஞ்சு ஒன்றுக்கும் உதவவில்லை. பல் டாக்டர் நாலு தடவை போன் செய்ததைக் கேட்கவிடாமல் செய்ததுதான் அது செய்த ஒரே வேலை.

அதற்கு அடுத்த நாள், வீட்டுக்குப் போனால்தானே வம்பு என்று ஆபீஸிலேயே இருந்துவிட்டார். பிஸ்கெட்டைப் பிரித்துக் கொண்டிருந்தபோது சாப்பாட்டுக் கேரியரோடு மனைவி வந்து நின்றாள்.

"வயித்தைக் காயப்போட்டுட்டு அப்படி என்னங்க வேலை? அம்மா பயந்துட்டாங்க, நமக்குள்ள சண்டையான்னு."

அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு, "கண்ணைச் சுழட்டுதுங்க, இங்கயே கொஞ்சம் சாஞ்சுக்கறேன்" என்று அந்தக் காலி நாற்காலியில் சாய்ந்தாள். சதுரடி எழுந்து வாசலுக்கு ஓடுவதற்குள் அவள் தூங்கிவிட்டாள். அவர் செருப்பு மாட்டுவதற்குள் நாற்பது வந்துவிட்டது.

சுவரில் மாட்டியிருந்த லைசென்ஸைப் பார்த்தார் சதுரடி. அழுகை வரும்போல இருந்தது.

அன்று மாலை அவருக்கு ஒரு யோசனை உதித்தது. நாற்பது என்ற எண்ணை அவர் வாயால் சொன்னால்தானே குற்றம்? ஐம்பது லட்சத்தில் உட்கார்ந்திருக்கும் டாக்டரே தானாக இறங்கி நாற்பதைச் சொல்லிவிட்டால்? ரகசியத்தைச் சொன்னதாகவும் ஆகாது, பார்ட்டி கையைவிட்டுப் போகவும் போகாது. தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு பல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

டாக்டர் ஒருவரை நாற்காலியில் சாய்த்து, வாயைப் பிளக்க வைத்துக் குடைந்துகொண்டிருந்தார்.

"டாக்டர், உங்க வீட்டு மாடிப்படி ரொம்பச் செங்குத்தா இருக்கு."

"நீங்கதானே சார், 'உடலுக்கு உறுதி தரும் மாடிப்படி'ன்னு விளம்பரம் போட்டீங்க?"

"கிழக்கு ஜன்னல்ல வர்ற வெயில் கண்ணைக் குத்துது."

"'காலையில் பொன்னொளி'ன்னு எழுதியிருந்தீங்களே!"

"சமையலறை இத்துனூண்டு."

"'எல்லாம் கைக்கெட்டும் தூரம்'!"

சதுரடி விடவில்லை. குழாய் அழுகிறது என்றார், கதவு முனகுகிறது என்றார், பக்கத்து வீட்டு நாய்க்குக் குணம் சரியில்லை என்றார். நாற்காலியில் இருந்தவர் "ஆ... ஆ..." என்று கையை ஆட்டினார். டாக்டர் கருவியை வாயிலிருந்து எடுத்ததும், நாற்காலிக்காரர் துப்பிவிட்டு, "மூலை வீட்டைப் பத்தியா பேசறீங்க?" என்று கேட்டார்.

"ஆமா."

"அய்யய்யோ, நல்ல வேளை! இந்தப் பல்லைப் பிடுங்கினதும் அம்பதுக்கு நானே கேக்கலாம்னு இருந்தேன் டாக்டர். எனக்கு வேணாம் சாமி!"

டாக்டர் குறடோடு சதுரடி பக்கம் திரும்பினார். சதுரடி வாசலைப் பார்த்து நடையைக் கட்டினார். பல் போன பிறகு அந்த ஆள் தன் சொந்தக்காரர்களுக்கெல்லாம் நாயைப் பற்றி எச்சரிக்கை செய்தார். இரண்டே நாளில் அந்த வீட்டைச் சீந்த ஆளில்லை. டாக்டர் போனில் கத்தினார்.

"நாப்பதுக்காவது எவனாவது வருவானான்னு பாருங்க!"

தானாக இறங்கிவிட்டார்! சதுரடி உடனே ஆபீஸ் போனில், ஆபீஸ் மரியாதையோடு எதிர் வரிசையைக் கூப்பிட்டார். கண்ணாடி ஜன்னல் வழியாக அவளும் போனை எடுப்பது தெரிந்தது.

"வணக்கம் மேடம். மூலை வீட்டு விஷயமா..."

"சொல்லுங்க சார். என் பார்ட்டி முப்பத்தஞ்சுதான் சொல்றாங்க."

"நாப்பதுக்குக் குறையாது மேடம்."

எதிர்முனையில் நீண்ட பெருமூச்சு. "ரொம்பக் கஷ்டம் சார்... சரி, உங்களுக்காகப் பேசிப் பார்க்கறேன்."

பேசிப் பார்த்தாள். முடிந்தது. அட்வான்ஸும் கைமாறியது. சதுரடி நிம்மதியாக மூச்சு விட்டார். அந்த நிம்மதி மறுநாள் மத்தியானம் வரைதான் நீடித்தது. மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தபடி விசாரணை அதிகாரி வீட்டு வாசலில் நின்றார்.

"டாக்டர் புகார் குடுத்திருக்காரு. தன் புரோக்கரே தன் வீட்டைத் திட்டித் திட்டி விலையை இறக்கிட்டாருன்னு. எதிர்ப் பக்கம் உங்க சம்சாரம். என்ன சார் நடக்குது இங்க?"

சோபாவில் உட்கார வைப்பதற்குள் சதுரடி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பஞ்சு, பிஸ்கெட், நாய், நாற்பது, ஒன்று பாக்கி இல்லை.

"நானா? தூக்கத்துலயா?" மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் பேசவே மாட்டேனே சார்!"

அதிகாரி நெற்றியைத் தேய்த்தார். "தூக்கத்துல கசிஞ்ச கேஸ் எங்ககிட்ட இதுவரை வந்ததே இல்ல. ஆனா கசிஞ்சது கசிஞ்சதுதான். மேடம், உங்க பார்ட்டி நிஜமாவே நாப்பது வரைக்கும்தான் தயாரா இருந்தாங்களா?"

"அது என் பார்ட்டியோட ரகசியம் சார். சொன்னா விதியை மீறினதா ஆயிடும்."

அதிகாரிக்கு முழி பிதுங்கியது. "அப்ப நான் என்னதான் எழுதறது? ரெண்டு லைசென்ஸையும் முடக்கறதைத் தவிர எனக்கு வேற வழி தெரியல."

சதுரடி மனைவியைப் பார்த்தார். எவ்வளவு ஆசையாகப் படித்தாள், மார்க் வந்த அன்று எப்படித் துள்ளிக் குதித்தாள் என்பதெல்லாம் நினைவுக்கு வந்தது. எழுந்து நின்றார்.

"வேணாம் சார். அவளை விட்டுடுங்க. அவ தொழில்ல கெட்டிக்காரி, நேர்மையானவ. தூக்கத்துல உளர்றது ஒரு வியாதி, அதுக்கு அவ என்ன பண்ணுவா? காதுல வாங்கினது நான். என் லைசென்ஸை மட்டும் எடுத்துக்கோங்க."

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அதிகாரிகூட மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதுவரை கதவோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்த மாமியாருக்குத்தான் பொறுக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுக் கூடத்துக்கு வந்தாள்.

"யாருக்கு வியாதிங்கறீங்க மாப்பிள்ளை? எம்பொண்ணு எங்க தூங்கினா? அந்த நம்பர் உங்க காதுல ஒழுங்கா விழணுமேன்னு, பாவம், ஒரு வாரமா மத்தியானத்துல ஒரு பொட்டு கண்ணசரல அவ!"