மைனஸ் இருபத்தைந்தில் தண்ணீர் விட்ட சுவர்

துபாய், அல்கூஸ் கேம்ப்
ஆவணி 6

மதிப்பிற்குரிய சம்பந்தி வீரபாண்டி அவர்களின் சமூகத்துக்கு, கொத்தனார் உடையப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் இரண்டு ஸ்வெட்டர்களும் சுகம். அங்கே தாங்கள், சம்பந்தியம்மா, மாப்பிள்ளை, ஒன்பதாம் மாதத்தில் இருக்கும் என் மகள் விஜி ஆகியோரின் சுகத்துக்கு அய்யனார் பொறுப்பு. முப்பத்தைந்து வருஷம் தபால்காரராக இருந்த தாங்கள், தபாலில் வராத சேதியைச் சேதியாகவே மதிப்பதில்லை. அதனால் என் வீட்டுக்காரி ஜெயமணியிடம்கூடப் போனில் சொல்லாததை முதலில் தங்களுக்கு எழுதுகிறேன். ஆவணி பதினெட்டு, விஜியின் வளைகாப்புக்கு என்னால் வர முடியாது. குற்றம் என்னுடையதுதான். ஆனால் முழுக்க என்னுடையது அல்ல, கொஞ்சம் வடதுருவத்துடையது.

துபாய் வெயிலில் ஸ்வெட்டர் எதற்கு என்று கேட்பீர்கள். இங்கே ஒரு கல்லூரியில் கட்டடக்கலை சொல்லித்தரும் இங்க்ரித் மேடத்துக்குச் சொந்த ஊர் துருவத்துப் பக்கம். அங்கே சுரங்கம் தோண்டி, வேண்டியதை அள்ளிக்கொண்டு போனவர்கள் வேண்டாத கல்லையும் மண்ணையும் ஊரைச் சுற்றி மலையாகக் குவித்துவிட்டார்களாம். மரம் மட்டை முளைக்காத ஊர், வீடு கட்ட ஆணிகூடக் கப்பலில்தான் வர வேண்டும். அந்தக் குப்பையையே அரைத்துக் கல்லாக்கி வீடு கட்டினால் என்ன என்பது மேடத்தின் யோசனை. கட்டிப் பார்க்கக் குளிர் வேண்டுமே. இங்கே ஒரு மீன் கம்பெனியின் கோல்டு ஸ்டோரில் ஒரு மூலையை வாடகைக்குப் பிடித்தார்கள். மைனஸ் இருபத்தைந்து. ஒரு பக்கம் நெய்மீன், மறுபக்கம் நான். மத்தியானம் சாப்பிட வெளியே வந்தால் நாற்பத்தாறு டிகிரி. குரங்குக் குல்லாயோடு பஸ் ஸ்டாப்பில் நின்ற என்னைப் பார்த்து ஒரு பாகிஸ்தானி டிரைவர், "பாய், தபியத் டீக் ஹை?" என்று என் உடம்புக்கு என்னவென்று விசாரித்து, ஏசிக்காற்று நேரே படாத சீட்டாகப் பார்த்து உட்கார வைத்தார்.

சாந்து இறுகும்வரை ஏழு நாள் அந்த மூலைக்கு மட்டும் குளிரை நிறுத்தி வைத்தார்கள். ஆறடிக்கு ஆறடியில் ஒரு அறை கட்டினேன். காலை மாலை சுவருக்குத் தண்ணீர் விட்டேன். கண் படாமலிருக்க எலுமிச்சை, மிளகாய் கட்டினேன். எட்டாம் நாள் குளிரைத் திறந்தார்கள். எலுமிச்சை கல்லாகி மேடத்தின் தலையில் விழுந்தது. அவர் கோபிக்காமல் அதையும் ஒரு பையில் போட்டு நம்பர் ஒட்டினார். பிறகு உள்ளே மெழுகுவத்தி ஏற்றினார். சுடர் ஆடியது. எங்கோ காற்று புகுகிறது, ஞாயிறு வந்து பார்ப்பேன், அப்போதும் ஆடினால் இடித்துவிட்டுக் கட்ட வேண்டும், அதுவரை "நோ வாட்டர்" என்று சொல்லிவிட்டு அபுதாபி போனார். நானும் "ஓகே மேடம்" என்றேன்.

சம்பந்தி, முப்பது வருஷம் ட்யூட்டி முடிந்ததும் சுவருக்குத் தண்ணீர் விட்ட கை இது. அன்று மாலை கைக்கு எந்த வேலையும் இல்லாமல் சுவரைப் பார்த்தபடி நின்றேன். வெளியிலிருந்து ஹோஸ் எப்படி என் கைக்கு வந்தது என்று எனக்கே தெரியாது. மறுநாள் கதவைத் திறந்த ஸ்டோர் சூப்பர்வைசர் ராஜிக் பாய் கீழக்கரைக்காரர், மரியாதையானவர். "அண்ணே, சுவரக் காணோமே? ஐஸ் பார்தான் நிக்குது" என்றார். "இடிக்கணும்னா ஒரு மாசம் ஆவும்ணே. ஒங்க லீவு கலாஸ், முடிஞ்சுது."

விஜி பிறந்தபோது நான் ரியாத்தில் இருந்தேன். காது குத்தியபோது ஷார்ஜாவில். கல்யாணத்துக்கு வந்தேன், மறுநாளே விமானம் ஏறினேன். இந்த ஒரு நாளாவது அவள் கை நிறைய வளையலோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, வீட்டுக்கு அழைத்துப்போக ஆசைப்பட்டேன். அது இல்லை என்று ஆனது எனக்கு வருத்தம்தான். மற்றபடி குறையில்லை, சாப்பாடு, நெய்மீன் எல்லாம் தாராளம். என் இடத்தில் ஜெயமணியின் தம்பி சீர்த்தட்டு எடுப்பான். பெரியவர்கள் மன்னித்து, சுபகாரியத்தைக் குறைவின்றி நடத்தி, விஜிக்கும் அவள் வயிற்றிலிருக்கும் பேரனுக்கோ பேத்திக்கோ சேர்த்து என் சார்பில் திருநீறு பூசவும்.

தங்கள் அன்புள்ள சம்பந்தி,
உடையப்பன்

பின்குறிப்பு: கவரை ஒட்டி, ஸ்டாம்பும் ஒட்டியபின் ஞாயிறு வந்தது, மேடமும் வந்தார். ஐஸ் மூடிய அறைக்குள் போய் மெழுகுவத்தி ஏற்றினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சுடர் ஆடவேயில்லை. என் தண்ணீர் ஓட்டையை எல்லாம் அடைத்திருந்தது. அவர் ஊரிலும் பெரியவர்கள் குளிர்காலத்தில் சுவரோரம் பனியை அப்பி வைப்பார்களாம், படித்துப் படித்து அதை மறந்தே போனேன் என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். லீவு கிடைத்துவிட்டது. தபாலில் போட்டால் எனக்குப் பிறகுதான் இது வந்து சேரும் என்பதால் கவரைப் பிரித்து இதை எழுதி, கையோடு கொண்டுவந்து மாப்பிள்ளையிடம் கொடுத்திருக்கிறேன். ஒட்டிய ஸ்டாம்பு வீண்தான். மேலே உள்ளதற்குத் தாங்கள் வருத்தப்பட்டு முடித்திருந்தால், கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து வாசலைப் பார்க்கவும். சீர்த்தட்டோடு நிற்கிறேன், கை வலிக்கிறது.