ஹெட்லைட்டுக்குப் போட்ட மாலை

அநியாயம் நடந்தது எனக்கு. செய்தவர் செம்பூரில் ஒரு ரிக்‌ஷாக்காரர். எதிரே வந்தவர் கையும் காட்டாமல், இண்டிகேட்டரும் போடாமல் என் பைக்குக்குக் குறுக்கே திரும்பி, என்னையும் என் அத்தையையும் ஒரு தூக்குவாளி சுண்டலையும் ரோட்டில் இறக்கிவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "திகா நஹி" என்றார்.

கண்ணில் படவில்லையாம்.

நியாயம் யார் பக்கம் என்று நீங்களே வாசித்துவிட்டுச் சொல்லுங்கள். நான் சொன்னால் ஒரு பக்கமாகச் சொல்கிறேன் என்பார்கள். வீட்டில் ஏற்கெனவே சொல்கிறார்கள்.

வேலை என்னவோ சின்ன வேலைதான். ஆயுத பூஜைக்கு எங்கள் தாராவி வீட்டுக்கு வந்திருந்த அத்தையை, மறுநாள் விஜயதசமி காலையில் செம்பூரில் அவள் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். பைக்கில் போனால் அரை மணி நேரம்.

அந்த பைக் அண்ணனுடையது. அவன் ஐரோலியில் வேலைக்குச் சேர்ந்து கம்பெனி பஸ்ஸில் போக ஆரம்பித்ததிலிருந்து அது படிக்கட்டுக்குக் கீழே சும்மா நிற்கிறது. நானோ வாஷியில் இருக்கும் காலேஜுக்குத் தினமும் இரண்டு ட்ரெயின் மாறி, மூச்சுவிட இடமில்லாமல் போய் வருகிறேன். லைசென்ஸ் இருக்கிறது. சாவி மட்டும் அப்பாவிடம் இருக்கிறது.

அப்பா தோல் பை தைக்கும் பட்டறையில் கட்டிங் மாஸ்டர். அளந்துதான் பேசுவார்.

"ஒங்க அத்தைய ஒரு கம்ப்ளெயிண்ட் இல்லாம கொண்டு விட்டுட்டு வா. சாவி ஒங்கிட்டயே இருக்கட்டும். ஒரு கம்ப்ளெயிண்ட் வந்துதோ, பழையபடி ட்ரெயினுதான்."

எனக்கு இதில் பயமே இல்லை. ஏனென்றால் பைக் விபத்து விஷயத்தில் எங்கள் தெருவிலேயே படித்தவள் நான். பெரிய விபத்துகள் எதனால் நடக்கின்றன என்பதுதான் என் காலேஜ் ப்ராஜெக்ட். மூன்று மாதம் டெம்போ, டாக்ஸி, ரிக்‌ஷா ஓட்டுகிறவர்களைத் தேடித் தேடிப் பேசியிருக்கிறேன். வேகம், குடி, வாரைப் பூட்டாத ஹெல்மெட், எல்லாம் உண்டு. ஆனால் திரும்பும்போது ஒரு பைக்கை இடித்தவர்களிடம் காரணம் கேட்டால் முக்கால்வாசிப் பேர் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். திகா நஹி.

அந்த இரண்டு வார்த்தைமேல் எனக்கு அப்படி ஒரு கோபம். ப்ராஜெக்டில் அதற்கென்று தனி அத்தியாயமே எழுதியிருக்கிறேன். எங்கள் மேடம் அதைப் படித்துவிட்டு, "ஆராய்ச்சியில் திட்டக்கூடாது" என்று ஓரத்தில் எழுதியிருந்தார்.

ஆக, விஜயதசமி காலையில் வீட்டில் வரிசையாக வாதங்கள்.

முதல் வாதம் ஹெல்மெட். அத்தை பெரிய கொண்டை போட்டு மூன்று முழம் மல்லிகை வைத்திருந்தாள்.

"பூ நசுங்கிரும்ட்டி."

"தலை நசுங்கினா பரவால்லையா அத்தை?"

"நல்ல நாளும் அதுவுமா பேசுத பேச்சப் பாரு" என்றபடி மாட்டிக்கொண்டாள். கொண்டைமேல் ஹெல்மெட் கோபுரக் கலசம் மாதிரி உட்கார்ந்தது. கொண்டையைக் கழுத்துக்கு இறக்கிக் கட்டவைத்து, வாரை நானே பூட்டினேன். ஜெயம்.

இரண்டாவது, ஒரு பக்கமாக உட்காராதீர்கள் என்ற வாதம். "பட்டுச் சேலையக் கட்டிக்கிட்டு ரெண்டு பக்கமும் காலப் போட்டு ஒக்காரவா? நீ மொதல்ல ஒக்காந்து காட்டு" என்றாள். நான் ஜீன்ஸில் இருந்தேன். தோல்வி. முந்தானையை மட்டும் சக்கரத்தில் சிக்காமல் இடுப்பில் செருகச் செய்தேன்.

மூன்றாவதுதான் பெரிய வாதம். அப்பா முந்தின நாள் பூஜையில் பைக்கைக் கல்யாண மாப்பிள்ளை ஆக்கியிருந்தார். ஹேண்டில்பாரிலிருந்து ஹெட்லைட் முழுக்க மறையும்படி இரண்டு மடிப்பாகக் கேந்திப்பூ மாலை. இரண்டு கண்ணாடியிலும் சந்தனம், குங்குமம். முன்பக்க இண்டிகேட்டர்கள்மேல் இரண்டு வாழைக்கன்று.

"அப்பா, இந்த ஹெட்லைட் பகல்லயும் எரியுதே, எதுக்குன்னு நினைச்சீங்க? நமக்கு வழி தெரியறதுக்கு இல்ல. எதிர்ல வர்றவன் கண்ணுல நாம படறதுக்கு."

"கேந்திப்பூ ஆரஞ்சு கலருல்லா. அதவிட எது கண்ணுல படும்?"

கட்டிங் மாஸ்டர் மூளை. ஆனால் நான் விடவில்லை.

"இன்னிக்கு மும்பை முழுக்க ஆரஞ்சுதான். தசராவுக்கு வாசல்ல தோரணம், கடையில தோரணம், பஸ்ஸுல தோரணம். இதுல நம்ம பைக் இன்னொரு தோரணம். ஒருத்தனுக்கும் தனியாத் தெரியாது."

அரை மணி நேரம் பேசினேன். கீழ்வீட்டுக்காரர்கூட வந்து கேட்டுவிட்டுப் போனார். கடைசியில் அப்பா கையெடுத்துக் கும்பிட்டார்.

"சரி தாயி. பூசை நேத்தோட முடிஞ்சிட்டு. மாலையக் கழட்டிக்கோ, சந்தனத்தத் தொடச்சுக்கோ. என்னிய விடு."

அப்பாவை வாதத்தில் ஜெயிப்பது எங்கள் வீட்டில் தினமும் நடக்கிற காரியமில்லை. சந்தோஷம் தாங்காமல், எந்த இடத்தில் அப்பாவின் வாதம் உடைந்தது என்று அத்தைக்குப் படியிறங்கும் வரை விளக்கினேன். கீழே வந்தும் விளக்கினேன். "நேரமாவுது, வண்டிய எடுட்டி" என்றாள். எடுத்தேன். சக்கரத்தின்கீழ் எலுமிச்சம்பழம் நசுங்கியது. கிளம்பினோம்.

சயான் சர்க்கிளைத் தாண்டும்வரை பின்னாலிருந்து உத்தரவுகள். "மெதுவா." "பஸ்ஸு வருது." "அந்தப் பிள்ளைக்கு வழி விடு." நான் மெதுவாகத்தான் போனேன். ஒரு சைக்கிள்காரர் எங்களைத் தாண்டிப் போனார். அத்தை அவரையும் மெதுவாகப் போகச் சொன்னாள்.

செம்பூர் மார்க்கெட் பக்கம் பண்டிகைக் கூட்டம். ரோட்டோரம் முழுக்கப் பூக்கடை. விடியற்காலையிலிருந்து கொட்டிய பூவும் தெளித்த தண்ணீருமாக ரோடே வழவழவென்று கிடந்தது.

அங்கேதான் எதிரே வந்த ரிக்‌ஷா, நேராக என்னைப் பார்த்தபடியே, என் முன்னால் வலதுபக்கம் திரும்பியது.

முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் சேர்த்து, நிதானமாகப் பிடிக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்பவள் நான். முன் பிரேக்கை மட்டும் உயிர் போகிற மாதிரி பிடித்தேன்.

முன் சக்கரம் பூவில் வழுக்கியது. பைக் அவசரமே இல்லாமல், தூக்கம் வந்த எருமை மாதிரி இடதுபக்கம் சாய்ந்து படுத்தது. அத்தை ஏற்கெனவே இடதுபக்கம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்ததால், பஸ்ஸிலிருந்து இறங்குவது போல இறங்கி இரண்டடி ஓடி நின்றுவிட்டாள். நான் விழுந்தேன். தலை நடைபாதைக் கல்லில் "டொக்" என்று தட்டியது. தூக்குவாளியின் மூடி எங்கோ போக, கொண்டைக்கடலைச் சுண்டல் மொத்தமும் பூவோடு பூவாகக் கலந்தது.

எழுந்தேன். கை கால் எல்லாம் அசைந்தது. வாயும் அசைந்தது. நேரே ரிக்‌ஷாவிடம் போனேன்.

"இண்டிகேட்டர் கிதர் ஹை? ஹாத் கியோன் நஹி திகாயா?" இண்டிகேட்டர் எங்கே, கை ஏன் காட்டவில்லை என்று கேட்டேன்.

இறங்கி வந்தவர் நடுங்கிப் போயிருந்தார். "மேடம், திகா நஹி. சச் மே, திகா நஹி." சத்தியமாகக் கண்ணில் படவில்லையாம்.

மூன்று மாதமாக நோட்டுப் புத்தகத்தில் எழுதிய வார்த்தை, இப்போது என் முகத்துக்கு நேரே. விடுவேனா?

இவ்வளவு பெரிய பைக், மேலே இரண்டு ஆள், அதில் ஒருத்தி பச்சைப் பட்டுச்சேலை, எப்படித் தெரியாமல் போகும் என்று ஹிந்தியில் கேட்டேன். விபத்து எப்படி நடக்கிறது என்று விளக்கினேன். பார்ப்பதற்கும் கவனிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கினேன். கூட்டம் கூடியது. எனக்குக் கூட்டம் கூடினால் இன்னும் நன்றாக வரும்.

அத்தை சுண்டலைப் பார்த்தபடி வாய்க்குள்ளே, "இவன் கண்ணுல கொள்ளிக்கட்டைய வைக்க" என்றாள்.

ரிக்‌ஷாக்காரர் திரும்பிப் பார்த்தார். "யம்மா, நல்ல நாளும் அதுவுமா கொள்ளிக்கட்டைன்னு சொல்லாதிய."

அத்தை சுண்டலை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"தமிழா? எந்த ஊரு?" என்றாள் அத்தை.

"நாங்குநேரி பக்கம்."

"எங்களுக்கு வள்ளியூரு."

என் கேஸ் அங்கேயே பாதி செத்தது. அடுத்த இரண்டு நிமிடத்தில் அவருடைய மாமனார் ஊர்வரை விசாரித்துவிட்டாள்.

"ஏட்டி, அவுக நம்ம ஊருப் பக்கமாம்."

"அதனால?"

"அதனால ஒண்ணும் இல்ல. சொன்னேன்."

"அத்தை, நீங்க என் சாட்சி."

"சாட்சிதான். பாவம், அவுகளும் பயந்துட்டாவ."

இதற்குள் மோட்டார் சைக்கிளில் டிராஃபிக் ஹவல்தார் ஒருவர் வந்து இறங்கினார். நான் ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டு நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ரிக்‌ஷாவின் முன்னால் போய் நின்றார். அதன் கண்ணாடியில் பாதிக்குமேல் கேந்திப்பூத் தோரணம் தொங்கியது. நடுவில் ஒரு சந்தனப் பொட்டு.

"இதுக்குள்ளேருந்து எப்படிப் பாக்குற? கல்யாண மண்டபமா இது?" என்று மராட்டியில் கேட்டார்.

நான் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தேன். ஜெயித்தவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

பிறகு ஹவல்தார் யாரோ நிமிர்த்தி வைத்திருந்த என் பைக்குக்கு முன்னால் போய் நின்றார்.

"மேடம், இதோட ஹெட்லைட் எங்கே?"

முன்னால்தான் இருக்கும், இது என்ன கேள்வி என்று கையைக் காட்டினேன். காட்டிய இடத்தில் ஹெட்லைட் இல்லை. இரண்டு மடிப்புக் கேந்திப்பூ மாலை இருந்தது. அதற்குள்ளே எங்கேயோ மினுக்கென்று வெளிச்சம், கர்ப்பகிரகத்து விளக்கு மாதிரி. இண்டிகேட்டர்மேல் வாழைக்கன்று வாழைக்கன்றாகவே இருந்தது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. வழியெல்லாம் கண்ணாடியில் பார்த்தபோது பின்னால் வந்த டாக்ஸி ஒவ்வொன்றும் நடுவில் பொட்டு வைத்திருந்தது. தசராவுக்கு எல்லோரும் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தை சாட்சி சொல்ல முன்வந்தாள்.

"காலைல இத எடுக்கணும்னு இவ அவங்கப்பாட்ட அரை மணி நேரம் சண்ட போட்டா. ஜெயிச்சும்புட்டா. எடுக்கத்தான் இல்ல."

ரிக்‌ஷாக்காரருக்கு இப்போது தைரியம் வந்துவிட்டது. "அதான் நானும் சொன்னேன். ரோட்டோரம் பூரா பூக்கடை. இதுவும் ஒரு பூக்கடைன்னு நெனச்சேன். கட எங்க நகரப்போவுதுன்னு திரும்பிட்டேன்."

ஹவல்தாருக்கு அத்தை இதை ஹிந்தியில் மொழிபெயர்த்தாள். கூட்டம் சிரித்தது. எனக்குக் கூட்டம் பிடிக்காமல் போனது அன்றைக்குத்தான்.

ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "சார், ஆப்கா பைக் பீ" என்றேன். உங்கள் பைக்கும்தான் என்று.

அவர் திரும்பித் தன் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். ஹெட்லைட்டில் மாலை. என்னுடையதைவிடப் பெரியது. பக்கத்துக் கடைப் பூக்காரம்மாவிடம் கத்தியை வாங்கி, முதலில் தன்னுடையதை அறுத்தார். பிறகு ரிக்‌ஷா தோரணம். பிறகு என் மாலை. மூன்றையும் பூக்காரம்மா வாங்கி, தண்ணீர் தெளித்து, கடை முன்னால் தொங்கவிட்டாள்.

கூட்டம் கலைந்தது. நான் ஹெல்மெட்டைக் கழற்றினேன்.

"ஏட்டி, இது என்ன கோடு?" என்றாள் அத்தை.

ஹெல்மெட்டின் இடதுபக்கம் ஒரு விரல் நீளத்துக்கு ஆழமாகக் கீறியிருந்தது. அத்தை அதைத் தடவிப் பார்த்தாள். பிறகு என் காதுக்குமேல் அதே இடத்தைத் தடவிப் பார்த்தாள்.

"இங்கனல்லா இருந்திருக்கும்."

நானும் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். ரிக்‌ஷாக்காரர் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து கொடுத்தார். "மன்னிச்சிரு தாயி, நா இன்னும் கொஞ்சம் நின்னு பாத்திருக்கணும்" என்றார். அவ்வளவு நேரம் நான் சண்டை போட்டதே இதைக் கேட்கத்தான். கேட்டதும் என்ன செய்வதென்று தெரியாமல், தண்ணீரைக் குடித்தேன்.

மிச்சத் தூரம் அத்தை ஹெல்மெட்டின் வாரைத் தானே பூட்டிக்கொண்டு வந்தாள். உத்தரவு ஒன்றும் போடவில்லை.

அவளை வீட்டில் விட்டுத் திரும்பினேன். வழியில் அப்பாவுக்கு வாதம் தயாரித்தேன். மாலையைக் கட்டியது யார்? பூவைக் கொட்டியது யார்? திரும்பியது யார்? என் வேகம் என்ன? சயான் வருவதற்குள் பதினோரு பாயிண்ட் சேர்ந்துவிட்டது. அத்தையின் போன் அதற்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டது.

அப்பா படிக்கட்டுக்குக் கீழே நின்றிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். ஹெல்மெட்டை வாங்கிக் கீறலைப் பார்த்தார், தோலில் கோடு விழுந்தால் பார்ப்பாரே, அப்படி. பிறகு கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன்.

"அப்பா, முதல் விஷயம் என்னன்னா..."

"ஒரே ஒரு கேள்வி கேப்பேன். வாதம் பண்ணாம ஒத்த வார்த்தையில பதில் சொல்லு. சொன்னா சாவி ஒனக்கு. வாதம் பண்ணுனா எனக்கு."

"கேள்வியே தப்பா இருந்தா?"

சாவி அவர் சட்டைப் பைக்குள் பாதி போனது. வாயை மூடிக்கொண்டேன்.

"காலைல வண்டிய எடுக்கதுக்கு முன்னால, முன்பக்கமா வந்து ஒரு தடவ பாத்தியா?"

பதினோரு பாயிண்டும் தொண்டைவரை வந்து நின்றது. நாளைக்குக் காலை எட்டு மணி ட்ரெயினும் கண்முன்னால் வந்து நின்றது.

"பாக்கல."