மாப்பிள்ளையும் எட்டு வொர்க்கர்களும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கு மாப்பிள்ளை, மகள், பேத்தி உட்பட அனைவரும் சுகம். அனைவரும் இன்னும் இங்கேயே இருக்கிறார்கள் என்பதைத் தெரிவிக்கவே இக்கடிதம்.

இரண்டு நாள் தங்குவதாக வந்த தங்கள் மகன், என் போட்டோ ஸ்டுடியோ கம்ப்யூட்டருக்கு ஆசையாக ஒரு புரோகிராம் எழுதித் தந்தார். இருக்கிற பன்னிரண்டாயிரம் படங்களையும் சின்னதாக்கி வரிசையாகக் காட்டுமாம். ஜாவாஸ்கிரிப்டாம். உள்ளே வொர்க்கர் என்று எட்டுக் குட்டிப் புரோகிராம்கள் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளுமாம். பொத்தானை அமுக்கினேன், சொல்லாமல் கொள்ளாமல் புரோகிராமே மூடிக்கொண்டுவிட்டது. "என் லேப்டாப்ல ஓடுதே மாமா" என்றார். இன்றோடு பதினோரு நாள். சாப்பாட்டு மேசை முழுக்க ஒயர், நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறோம். கரண்ட் ஏறி இறங்குகிறதோ என்று ஃபேனை நிறுத்தினார், மிக்ஸியை நிறுத்தினார், ஃப்ரிட்ஜை நிறுத்தினார், பால்தான் திரிந்தது. பிறகு எந்த வொர்க்கர் விழுகிறது என்று பார்க்க, ஒவ்வொன்றும் நுழைந்ததும் 'வந்துட்டேன்' என்றும் வேலை ஆனதும் 'முடிச்சுட்டேன்' என்றும் எழுதும்படி செய்தார். எட்டு 'வந்துட்டேன்' வந்தது. 'முடிச்சுட்டேன்' இன்றுவரை ஒன்றுகூட வரவில்லை. மாப்பிள்ளையும் அப்படித்தான்.

எங்கள் அறையை அவர்களுக்கு விட்டுவிட்டு நான் ஸ்டுடியோவில், அருவி வரைந்த திரைக்குக் கீழே படுக்கிறேன். அதைப் பார்த்துப் பார்த்தே ராத்திரியில் நாலு தடவை எழுந்து போக வேண்டியிருக்கிறது. போனால், இருக்கிற ஒரே பாத்ரூமில் மாப்பிள்ளை உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறார். பேத்தி என் மூக்குக்கண்ணாடியைப் பொம்மைக்கு மாட்டிவிட்டதால் இதையே குத்துமதிப்பாகத்தான் எழுதுகிறேன். என் மனைவியோ, "எப்ப கிளம்புறீங்கன்னு மாப்பிள்ளையப் பாத்துக் கேக்க முடியுமா? வாயை மூடிக்கிட்டு இருங்க" என்கிறாள்.

ஆகவே, தாங்கள் தயவுசெய்து லேசாக உடம்பு சரியில்லாமல் போக வேண்டும். பெரிதாக ஒன்றும் வேண்டாம், இடுப்புப் பிடிப்பு போதும். போனில் கொஞ்சம் முனகினால் அடித்துப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். அவர்களிடம் மட்டும் நிஜத்தைச் சொல்லிவிடுங்கள், பயந்துவிடப் போகிறார்கள்.

தங்கள் அன்புள்ள,
சம்பந்தி

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது "மாமா!" என்று ஒரு கூச்சல். கண்டுபிடித்துவிட்டார்! படத்தைச் சின்னதாக்கும் பகுதி அவர் லேப்டாப்பில் புதுசாம், என்னுடையதில் பழசாம். பழசை ஒரு நேரத்தில் ஒரு வொர்க்கர்தான் தொடலாமாம். "ஒரே பாத்ரூமுக்குள்ள எட்டுப் பேரும் ஒண்ணா நுழைஞ்ச மாதிரி, மாமா." நன்றாகப் புரிந்தது. எட்டு என்றிருந்த இடத்தில் ஒன்று என்று போட்டார், பன்னிரண்டாயிரமும் வந்துவிட்டது. நாளைக் காலை கிளம்புகிறார்கள். மகள் பெட்டி அடுக்குகிறாள். பேத்தி கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். போட்டுப் பார்த்தேன், சாப்பாட்டு மேசை ரொம்பப் பெரிதாகத் தெரிகிறது. எனக்குப் பிடிக்கவே இல்லை. மாப்பிள்ளை குளிக்கப் போன நேரம் பார்த்து அந்த ஒன்றை மறுபடி எட்டாக்கிவிட்டேன். தாங்கள் பூரண ஆரோக்கியத்துடன் இருக்கவும்.