இடது டயர் மட்டும் தேய்ந்த விவரம்

கீழக்குயில்குடி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் அசோக்குமாருக்கு அப்பா காளை எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் மாடு இரண்டும் சுகம். நீ சுகமாக இருப்பதை, அம்மா போன் பேசும்போது கதவுக்குப் பின்னால் நின்று தெரிந்துகொள்கிறேன். பதினான்கு மாதமாக எனக்கு அதுதான் ஏற்பாடு.

விஷயம் என்னவென்றால், உன் படகை யாரோ தொண்டிக்காரர் விலைக்குக் கேட்கிறார் என்று, சித்திரை மாதம் அம்மா படகையும் அதை ஏற்றி வைத்திருக்கும் ட்ரெய்லரையும் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினாள். அதைப் பார்த்துவிட்டு நீ, "எடது டயர் மட்டும் மொட்டையாக் கெடக்கு. அப்பா வண்டிய வாடகைக்கு விட்டுட்டாராம்மா?" என்று கேட்டாய். கதவுக்குப் பின்னால் எனக்குக் கேட்டது. ஒரு மழைக்கு நிறைந்த கண்மாயை நம்பிப் படகு வாங்கினவன் என்று ஊர் கூடியிருந்த இடத்தில் உன்னைக் கேலி பேசினவன் நான்தான். நீ மஸ்கட்டுக்குப் போனதும் அந்த ஒரு பேச்சால்தான். எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உன் பொருளை வாடகைக்கு விடுகிற ஆள் நான் இல்லையப்பா. அந்தச் சொல் என்னைச் சுட்டுவிட்டது.

பழியைத் துடைக்கத்தான் டயருக்கு வைத்தியம் பார்க்கக் கிளம்பினேன். காற்றைப் பார்த்தால் இரண்டிலும் ஒரே அளவு. பட்டறை பேயாண்டி, "ஆக்ஸில் வளைஞ்சிருக்கும்ணே" என்று சொல்லி, நூல் பிடித்து அளந்து, வளையவில்லை என்று கண்டுபிடித்து, வந்ததற்கு ஒரு டீ குடித்துவிட்டுப் போனான். படகு ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருக்குமோ என்று நடுவில் நகர்த்தி வைத்தேன். இடுப்புப் பிடித்துக்கொண்டு நான்கு நாள் நானே ஒரு பக்கம் சாய்ந்து நடந்தேன். கடைசியில் டயர்களை இடம் மாற்றினேன். மொட்டை டயர் வலப்பக்கம் போய்ச் சுகமாக இருக்கிறது. இடப்பக்கம் வந்த நல்ல டயர் வெளி ஓரத்தில் தேய ஆரம்பித்துவிட்டது. ஆகவே குற்றம் டயரில் இல்லை.

நாகமலையில் டயர் கடை வைத்திருக்கும் முனீஸ்வரி, ஓரத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "வண்டி ஒரே பக்கமாத் திரும்பிக்கிட்டே இருந்தா இப்படித்தான்யா தேயும். எங்க ஓட்டுறீக?" என்றாள். "எங்கிட்டும் ஓட்டலத்தா, சும்மாதான் நிக்கிது" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

காரணம் தெரியவில்லை என்றே வைத்துக்கொள். தொண்டிக்காரர் வந்தால் கொடுத்துவிடுகிறேன். எங்களைப் பற்றிக் கவலைப்படாதே, அவசரப்பட்டு லீவு போட்டு வரவேண்டாம். வெயிலில் தலையில் துணி கட்டிக்கொள். அய்யனார் உனக்குத் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
காளை.

பின்குறிப்பு: முனீஸ்வரியிடம் சொன்னது பொய். நீ போன மறுநாளிலிருந்து தினமும் சாயங்காலம் உன் படகை டிராக்டரில் மாட்டி, அய்யனார் கோயிலை ஒன்பது சுற்று வலம் வருகிறேன். நீ திரும்பி வரும்வரை சுற்றுவதாக நேர்ந்திருக்கிறேன். கோயிலைச் சுற்றிச் சல்லிக்கல் வேறு கொட்டியிருக்கிறார்கள். உன் அம்மா படகில்தான் உட்கார்ந்து வருகிறாள். உன்னிடம் சொல்லக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். தொண்டிக்காரர் நேற்றே வந்தார். விற்பனைக்கு இல்லை என்று அனுப்பிவிட்டேன். முனீஸ்வரி சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: எதிர்ப்பக்கமாகவும் அதே அளவு சுற்றவேண்டுமாம். சாமியை எப்படியப்பா இடமாகச் சுற்றுவது? இந்த டயரிலும் கம்பி தெரிய ஆரம்பித்துவிட்டது. நீ வந்தால்தான் நான் நிறுத்த முடியும். வந்துருப்பா.