திங்கட்கிழமை வேலைக்கு வர முடியுமா?

ஆராய்ச்சிகளால் ஊருக்கு என்ன பிரயோஜனம் என்று அளந்து சொல்வது என் பிழைப்பு. பொருளாதார நிபுணன் என்று பெயர். (உறவினர்கள் இன்னமும் என்னை பேங்க்கில் கடன் வாங்கிக் கொடுப்பவன் என்றுதான் நம்புகிறார்கள்.) யார் ஆய்வைக் கொண்டு வந்தாலும், "இதனால் யார் வாழ்க்கை மாறியது, ஆதாரம் எங்கே?" என்று கறாராகக் கேட்பேன். என் முதல் ஆய்வைப் பற்றி மட்டும் யாரும் அப்படிக் கேட்டுவிடக் கூடாதே என்று உள்ளுக்குள் உதறும். ஏனென்றால் அதற்கு ஆதாரம் இருக்கிறது. ஆதாரத்தின் பெயர் கமலா அக்கா.

அப்போது நான் ஜேபியில், அதாவது ஜொகூர் பாரு நகரத்தில், ஓர் ஆய்வு நிறுவனத்தில் தற்காலிக ஊழியன். தோட்டப்புற மக்கள் ஏன் நகரத்து வேலைக்கு வருவதில்லை என்று கண்டுபிடிக்க என்னை ரெங்கம் என்ற தோட்டத்து ஊருக்கு அனுப்பினார்கள். நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. அதிலும் நாய் என்றால் ஈரக்குலை நடுங்கும். நல்லவேளை, அம்மாவின் தம்பி ரெங்கத்தில்தான் இருந்தார். நான் கேட்டுக்கு வெளியே நிற்க, மாமா உள்ளே போய், "நம்ம அக்கா பையன். ஜேபியில பெரிய ஆளு" என்று வீடு வீடாக முழங்கினார். நான் டை வேறு கட்டியிருந்தேன்.

கேள்விகளில் ஒன்று இது: "வேலை கிடைத்தால் அடுத்த ஏழு நாட்களுக்குள் சேர இயலுமா?" உண்மையிலேயே வேலை தேடுகிறவர் யார் என்று தெரிந்துகொள்ள எங்கள் தொழிலில் வழக்கமாகக் கேட்பது. இந்த நடை ஜனங்களுக்குப் புரியாது என்று என் மேதாவி மூளைக்குத் தோன்றியது. எளிமையாக்கினேன். "ஜேபியில வேலை. திங்கட்கிழமை வர முடியுமா?" பதில் வந்ததும் கைகுலுக்கி, நிறுவனத்தின் பெயர் போட்ட மஞ்சள் பை ஒன்றையும் நன்றியாகக் கொடுத்தேன். எல்லாரும் ஆசையாக "வரலாம் தம்பி" என்றார்கள். என்ன ஒத்துழைப்பு, என்ன ஒத்துழைப்பு என்று பூரித்துப்போய் ஜேபியில் பெர்மாஸ் ஜெயாவிலிருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்பினேன்.

திங்கட்கிழமை காலை. வாயில் பற்பசை நுரையோடு நின்றபோது வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். முன்சீட்டிலிருந்து மாமா இறங்கினார். பின்னால் ரெங்கமே இறங்கியது. ஆளுக்கொரு மஞ்சள் பை.

"டேய், யாருடா இவங்கல்லாம்? பொண்ணு வீட்டுக்காரங்களா?" என்றார் அம்மா.

எனக்குப் புரிந்துவிட்டது. வேலை வாங்கித் தருவதாக ஏமாற்றும் கும்பல்களைப் பற்றி அடிக்கடி செய்தி வந்துகொண்டிருந்த நேரம். சட்டையால் முகத்தை மூடிக்கொண்டு போலீஸ் வண்டியில் ஏறும் என்னை நானே பார்த்தேன். ஓடிப்போய்க் குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். (படித்தவன் செய்கிற காரியமா என்று கேட்காதீர்கள். படித்தவன்தான் செய்தான்.)

மாமா கதவைத் தட்டினார். "மாப்ள, ஆளுங்கல்லாம் ரெடி. கம்பெனி பஸ் எத்தன மணிக்கு?"

"மாமா... பஸ் இல்ல."

"சரி லா, வேன்லயே போயிடறோம். கம்பெனி எங்க?"

"கம்பெனியும் இல்ல மாமா. அது சும்மா கேட்டது. சர்வே."

வெளியே யாரோ தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு மாமாவின் குரல் வந்தது. "அலமாக்!"

அதற்குப் பிறகு ஒரே கூச்சல். "சும்மா கேக்கிறதுக்கு எதுக்குய்யா டை கட்டிக்கிட்டு வந்த?" என்றார் ஒருவர். நியாயமான கேள்வி. "போலீசுக்குப் போலாம்" என்றது இன்னொரு குரல். தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துக்கொண்டேன். அம்மா எல்லாருக்கும் மைலோ கலக்கிக் கொடுத்து, கையெடுத்துக் கும்பிட்டு, ஒருவழியாக ஆற்றி அனுப்பினார். எல்லாரும் லீவு போட்டுவிட்டுத்தான் வந்திருந்தார்கள், ஒருவரைத் தவிர.

தாழ்ப்பாளைத் திறந்து வெளியே வந்து பார்த்தால், கமலா அக்கா மட்டும் வேனில் ஏறவில்லை. எண்ணெய்க்கான செம்பனை நாற்றுப் பண்ணையில் வேலை பார்த்தவர்.

"வேலைய விட்டுட்டேன் தம்பி," என்றார் நிதானமாக. "சும்மா விடல. இத்தன வருஷமா மனசுல இருந்ததெல்லாம் முதலாளி தவுக்கே மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டு வந்தேன். இனிமே போனா கேட்டைக்கூட தொறக்க மாட்டாரு. பொண்ணு ஃபார்ம் ஃபோர் படிக்குது. வீட்ல சம்பாதிக்கிறது நான் ஒருத்திதான்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த நிதானம் என்னை உலுக்கிவிட்டது. நான் கேட்ட ஒரு கேள்வியால் ஒரு வீட்டில் அடுப்பு எரியாமல் போய்விடுமே என்று நிஜமாகவே நடுங்கினேன். நாய்க்குப் பயந்ததெல்லாம் பயமே இல்லை.

"இப்ப என்னக்கா செய்யறது?"

"வேலை கிடைக்கிற வரைக்கும் உங்க கூடவே இருக்கேன்." சொல்லிவிட்டு என் காரில் ஏறி, சீட் பெல்ட்டும் போட்டுக்கொண்டார்.

வழியெல்லாம் ராஜினாமாவை மனசுக்குள் எழுதிக்கொண்டே ஓட்டினேன். எங்கள் தலைவி புவான் ரொஹானா நான் உளறியதையெல்லாம் முகம் மாறாமல் கேட்டார். (அந்த முகம் மாறாததுதான் பயங்கரம்.) பிறகு என்னை விட்டுவிட்டு கமலா அக்கா பக்கம் திரும்பி, "உங்களுக்கு என்ன வேலை தெரியும்?" என்று மலாயில் கேட்டார்.

"சர்வே பண்ணுவேன் புவான்," என்றார் அக்கா, அவரும் மலாயில். "இந்தத் தம்பி கேட்டத நானும் கேப்பேன், வேலை தர்றோம்னு சொல்லாம. ரெங்கத்துல எல்லா வீட்டு நாயும் எனக்குப் பழக்கம். இவரு கேட்டுக்கு வெளியவே நின்னுட்டாரு."

புவான் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அந்த ஆய்வு முடியும்வரை அக்காவைச் சேர்த்துக்கொண்டார். என் வேலையும் தப்பியது. மீதி வீடுகளுக்கு அக்கா முன்னால் போக, நான் மஞ்சள் பைகளைச் சுமந்துகொண்டு பின்னால் போனேன்.

இன்று அக்கா எங்கள் களப்பணியாளர்களுக்கெல்லாம் மேற்பார்வையாளர். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அவர் நடத்தும் முதல் பாடம் நான்தான்.

எனக்குப் பெண் பார்க்கப் போனபோதும் மாமாவோடு அக்காவும் வந்திருந்தார். நான் தைரியத்தையெல்லாம் திரட்டி, "உங்களுக்குச் சம்மதமா?" என்று பெண்ணைக் கேட்டேன். அந்தப் பெண் வாயைத் திறப்பதற்குள் அக்கா குறுக்கிட்டார்.

"யோசிச்சு சொல்லும்மா. இவரு கேட்டாருன்னு வேலைய விட்டவ நான்." என் கண் குளியலறையைத் தேடியது. அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஆனா நட்டம் ஒண்ணும் இல்ல."

அந்தப் பெண்தான் இப்போது என் மனைவி. காபி வேணுமா என்று நான் கேட்டால்கூட, பதில் சொல்வதற்கு முன்னால் ஒருமுறை கேட்டுக்கொள்வாள்: "நெஜமாவா, சர்வேயா?"