முதுகைக் காட்டிய டூல்

கம்ப்யூட்டர் திரையில் இரும்பு கடைகிற அந்த டூல் மறுபடியும் ஷாஃப்ட் தண்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. கல்யாண வீட்டில் ஆகாதவரைக் கண்டுவிட்ட சித்தப்பா நிற்பாரே, அதே நிலை.

"திரும்புலே" என்றார் ஜீவமணி.

டூல் திரும்பவில்லை. மவுஸைத் தட்டி ஓடவிட்டுப் பார்த்தார். பொம்மை ஷாஃப்ட் சுற்றியது. பொம்மை டூல் பின்பக்கத்தால் அதை உரசிக்கொண்டே போனது. திரை முழுக்கச் சிவப்பு அப்பியது. சிவப்பு என்றால் மோதல். நிஜ மெஷினில் இப்படி ஒன்று நடந்தால் முதலில் டூல் உடையும், அப்புறம் மெஷின் உடையும், கடைசியில் முதலாளியின் மனசு உடையும்.

ஹார்பர் ரோட்டில் இருக்கும் பால்துரை அண்ணாச்சியின் ஒர்க்‌ஷாப்புக்கு அந்தப் பெரிய மெஷின் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அது கடையும், துளை போடும், தலையைச் சாய்த்துக்கொண்டு கோணல் வேலையும் பார்க்கும். ஒரு பக்கம் முடிந்ததும் ஷாஃப்டை எதிர்ப்பக்கத்துப் பிடிக்குத் தானே கைமாற்றிக் கொடுத்து மறுபக்கத்தையும் கடைந்துவிடும். ஆனால் எந்த டூல், எந்தப் பக்கம் பார்த்து, எப்படி நிற்க வேண்டும் என்பதையெல்லாம் முதலில் சாஃப்ட்வேரில் உட்கார்ந்து சொல்லியாக வேண்டும். முப்பது வருஷமாக நின்றுகொண்டே வேலை பார்த்த ஜீவமணிக்கு, உட்கார்ந்து பார்க்கிற இந்த வேலைதான் இடுப்பை ஒடித்தது.

"என்ன வே, முடிஞ்சுதா?" டீ கிளாஸோடு வந்து நின்றார் பால்துரை அண்ணாச்சி. "தோணிக்காரரு நாலஞ்சு தடவ போன் போட்டுட்டாரு. சரக்கெல்லாம் ஏத்தியாச்சாம். பம்பு ஷாஃப்ட் வந்துட்டா இன்னைக்குச் சாயங்காலமே மாலத்தீவுக்குக் கெளம்பிருவாங்களாம்."

"ஆயிரும் அண்ணாச்சி. மொதப் பக்கம் சுத்தமா ஓடுது. ரெண்டாவது பக்கத்துலதான் இந்த டூலு மொறச்சிக்கிட்டு நிக்கி."

"பேசாம பெர்சிக்கு ஒரு போனப் போடும். கோயமுத்தூர்ல இதே மாதிரி மெஷின்லதான கெடந்தான். இப்ப நாசரேத்துல வீட்டோட வந்துட்டானாம்."

"அவன்கிட்ட கேக்குறதுக்கு, இந்த மெஷினத் தூக்கிக் கடல்ல போட்ரலாம்."

"மெஷின் என்னுது வே" என்றார் அண்ணாச்சி. "சாயங்காலத்துக்குள்ள ஆகலன்னா நானே பெர்சியக் கூப்பிட்டுருவேன். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு அலையக் கூடாது."

ஜீவமணி சாஃப்ட்வேர் கம்பெனியின் உதவி எண்ணைப் பிடித்தார். ஊர் பேர் தெரியாதவனிடம் கேட்டால் மானம் போகாது. பெர்சியிடம் கேட்டால் போனது திரும்பாது.

"வணக்கம் சார், சப்போர்ட்லருந்து ஈவா பேசறேன். உங்க பேர், கம்பெனி, ஊர் சொல்லுங்க."

சொன்னார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. எங்கேயோ குக்கர் விசில் மட்டும் அடித்தது. இப்போதெல்லாம் ஆபீஸே வீட்டுக்குள்தான் நடக்கிறது என்று ஜீவமணி கேள்விப்பட்டிருந்தார்.

"ஹலோ? லைன்ல இருக்கியாம்மா?"

"இருக்கேன் சார். ஸ்பீக்கர்ல போட்டுக்கிட்டேன். உங்க ஸ்கிரீன் எனக்குத் தெரியுது. பிரச்சனையைச் சொல்லுங்க."

பிரச்சனையைச் சொன்னார். "ஒரு நிமிஷம் சார்" என்று அந்தப் பெண் போனை ஊமையாக்கிவிட்டு, திரும்பி வந்தாள்.

"டூலை ரைட் ஹேண்ட்னு போட்டிருக்கீங்க. லெஃப்ட் ஹேண்டா மாத்தி ஓட்டிப் பாருங்க."

ஜீவமணி மாற்றினார். ஒர்க்‌ஷாப் கம்ப்யூட்டர் கிழடு. ஒரு தடவை ஓட்டிக் காட்டுவதற்குள் நீல வட்டம் ஒன்று சுற்றோ சுற்றென்று சுற்றும். அது சுற்றி முடிகிறவரை ஒரு பெண்பிள்ளையைப் போனில் சும்மா காக்க வைப்பது மரியாதை இல்லை என்று ஜீவமணிக்குப் பட்டது. உண்மை என்னவென்றால், பேச ஆள் கிடைத்தால் அவர் விடமாட்டார்.

"அந்தக் காலத்துல எங்களுக்கு இந்த ரைட்டு லெஃப்ட்டெல்லாம் பிரச்சனையே இல்லம்மா. பெர்சின்னு ஒருத்தன் இருந்தான். டூலத் தீட்டிப் பூட்டிட்டான்னா கண்ண மூடிக்கிட்டு ஓட்டலாம்."

"இருந்தாரா? இப்ப இல்லையா சார்?"

"இருக்கான், இருக்கான். நாசரேத்துல குத்துக்கல்லாட்டம் இருக்கான். எனக்குத்தான் இல்ல."

ஜீவமணியும் பெர்சியும் இருபது வருஷம் ஒரே லேத்தில் வேலை பார்த்தவர்கள். பகலில் ஒருவர், மாலையில் ஒருவர். சேர்ந்து நின்ற நேரம் குறைவு. ஒருவர் லேத்தின்மேல் விட்டுவிட்டுப் போவதை இன்னொருவர் எடுத்துக்கொள்வார், அவ்வளவுதான் அந்தச் சிநேகிதம். தீட்டி வைத்த டூல் இருக்கும். 'சக்குப் பிடி இளகிக் கெடக்கு, பாத்துக்கோ' என்று சாக்பீஸில் ஒரு வரி இருக்கும். ஜீவமணிக்குக் காய்ச்சல் என்று தெரிந்தால் மாத்திரை இருக்கும். பெர்சிக்கு மகள் பிறந்த சேதிகூட, லேத்தின்மேல் இருந்த ஒரு கை சாக்லேட்டைப் பார்த்துத்தான் ஜீவமணிக்குத் தெரிந்தது.

"மக்ரூன் வாங்குனாம்னா பாதிய எனக்குன்னு லேத்து மேல வச்சிட்டுப் போவாம்மா" என்றார் ஜீவமணி. "பேப்பரெல்லாம் ஆயில் பட்டு ஊறிக் கெடக்கும். அந்த வாசத்தோடயே தின்னு தின்னுப் பழகிட்டு, இப்ப கடையில நல்ல மக்ரூன் வாங்குனா ருசியே இல்ல, கேட்டியா?"

சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒரு ஆள் மட்டும் சிரித்த மாதிரி இல்லை. ஆனால் அதற்குள் வட்டம் நின்றுவிட்டது. டூல் இப்போது முகத்தைத் திருப்பியிருந்தது. திருப்பிய வேகத்தில், ஷாஃப்டைப் பிடித்திருக்கும் சக்குக்குள் போய்ப் பிடரியோடு சொருகிக்கொண்டது.

"செவப்பும்மா."

"ஒரு நிமிஷம் சார்." மறுபடி ஊமை. "ஷாஃப்டைச் சுத்துற ஸ்பிண்டிலை எதிர்ப்பக்கமாச் சுத்த விட்டுப் பாருங்க."

"அப்படிச் சுத்துனா மொதப் பக்கம் கெட்டுராதா?"

"மாத்திப் பாருங்க சார். அப்புறம்... அந்த பெர்சி சாரோட என்ன சண்டை?"

கம்பெனிக்காரப் பெண் தானாகக் கேட்கிறாள். ஜீவமணி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். வீட்டில் இந்தக் கதையை எடுத்தாலே மனைவி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

"எம்பொண்ணு ஐஸ்வர்யா கல்யாணம். ஆறு வருசமாச்சு. ஊர் பூரா வீடு வீடாப் போயி, தட்டுல வெத்தல பாக்கு வச்சுப் பத்திரிகை குடுத்தேன். பெர்சி பத்திரிகைய மட்டும் லேத்து மேல வச்சிட்டு வந்தேன்."

"ஐயோ. அவர் வீட்டுக்குப் போகலையா சார்?"

"போகல. அதுக்குத்தான் அவனுக்குக் கோவம். 'கண்டவன் வீட்டுக்கெல்லாம் குடும்பத்தோட போயிருக்கான், எனக்கு மட்டும் ஸ்பானரு மாதிரி பத்திரிகைய வச்சிட்டுப் போயிருக்கான்'னு சொன்னானாம். கல்யாணத்துக்கு வரல. அடுத்த மாசம் கோயமுத்தூருக்குப் போய்ட்டான்."

"நீங்க ஏன் சார் போகல?"

ஜீவமணி திரும்பிப் பார்த்தார். மூலையில் அந்தப் பழைய லேத் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது அதில் வேறு யாரோ நட்டு கடைந்துகொண்டிருந்தான்.

"மத்தவனுக்கெல்லாம் வீடு வேறம்மா. நாங்க ரெண்டு பேரும் நல்லது கெட்டது எல்லாத்தையும் அந்த லேத்து மேலதான வச்சி எடுத்துக்கிட்டோம். எனக்கு அதவிடப் பெரிய எடம் தெரியல. அதான் மொதப் பத்திரிகைய அங்கன வச்சேன். சாமிக்குக்கூட ரெண்டாவதுதான்."

ஜீவமணி போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"தாலி கட்டுற நேரத்துல எல்லாரும் மணவடையப் பாக்காங்க, நான் மண்டபத்து வாசலப் பாத்துக்கிட்டு நிக்கேன். போட்டோவுல பொண்ணப் பெத்தவன் மட்டும் முதுகக் காட்டிக்கிட்டு நிப்பேன். எம்பொண்டாட்டி இன்னைக்கும் சொல்லிக் காட்டுவா."

அந்தப் பக்கம் யாரோ பலமாக மூக்கைச் சிந்தினார்கள்.

"சளி பிடிச்சிருக்காம்மா?"

"ஆமா சார்" என்றாள் அந்தப் பெண், தெளிவான குரலில்.

வட்டம் நின்றது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை. ரெண்டாவது பக்கம் சரியாகாதது மட்டுமல்ல, காலையிலிருந்து சமத்தாக ஓடிக்கொண்டிருந்த முதல் பக்கமும் சிவந்துவிட்டது.

பால்துரை அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். "முன்னால பாதியாச்சும் பச்சையாக் கெடந்துச்சே வே!"

"சப்போர்ட்ல பாத்துக்கிட்டு இருக்காங்க அண்ணாச்சி."

"எதுக்கு சப்போர்ட்டு பண்ணுதாங்க? மெஷினுக்கா, மோதுறதுக்கா?"

அடுத்த யோசனை, டூல் பிடித்திருக்கும் தலையையே அரைவட்டம் திருப்புவது. ஜீவமணி திருப்பினார். அது சுற்றி முடிவதற்குள் பெர்சியும் அவரும் மழைத் தண்ணீர் புகுந்த ஒர்க்‌ஷாப்பில் முட்டியளவு தண்ணீரில் நின்று, லேத்தின் மோட்டாரைக் கழற்றித் தோளில் சுமந்து காப்பாற்றிய கதையைச் சொன்னார். மோட்டாரைக் காப்பாற்றிவிட்டு இருவரும் தங்கள் செருப்பை விட்டுவிட்டார்கள். அந்தப் பெண் "அப்புறம்?" "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இப்படிக் கதை கேட்கிற கம்பெனியை ஜீவமணி பார்த்ததே இல்லை.

திரையில் டூல் மெஷினின் கதவைத் துளைத்துக்கொண்டு வெளியே போய் நின்றது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ரோட்டைத் தாண்டி ஹார்பருக்குள் போயிருக்கும்.

"சார், அந்த டூலை டெலிட் பண்ணிட்டுப் புதுசாப் போட்டுருவோம்" என்றாள் அவள். குரலில் கொஞ்சம் தயக்கம் இருந்தது.

டெலிட் என்ற பொத்தானை ஜீவமணி அமுக்கினார். 'எல்லாமா?' என்கிற மாதிரி கம்ப்யூட்டர் இங்கிலீஷில் ஏதோ கேட்டது. கேட்ட கேள்விக்கு ஆமாம் என்று சொல்லுவதே அவருடைய பழக்கம். அமுக்கினார். காலையிலிருந்து ஒவ்வொன்றாக அளந்து, கோணம் பார்த்து, உட்கார்த்தி வைத்திருந்த டூல்கள் மொத்தமும் மறைந்தன. வெறும் பலகை மாதிரி திரை வெளுத்துக் கிடந்தது.

"யம்மா... அத்தனையும் போச்சே" என்றார் ஜீவமணி.

அவர் போட்ட சத்தத்தில் அண்ணாச்சி ஓடி வந்தார். திரையைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"இனி உம்ம பேச்சக் கேக்க முடியாது. பெர்சி நம்பரச் சொல்லும்."

வெளியே கன்டெய்னர் லாரி ஒன்று தரை அதிரப் போனது. ஜீவமணி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். ஆறு வருஷத்து வீம்பு, சாதாரணமாக இறங்காது. ஆனால் காலையிலிருந்து பெர்சி, பெர்சி என்று பேசிப் பேசி, அவருக்கே தெரியாமல் பாதி இறங்கியிருந்தது. மீதி இருந்ததும் இப்போது இறங்கிவிட்டது.

"வேண்டாம் அண்ணாச்சி" என்றார். "நீங்க கூப்பிட்டா வேலைக்கு வருவான், பாத்துட்டுப் போயிருவான். நான்தான் கூப்பிடணும். அவன் நம்பர நான் இன்னும் அழிக்கல."

"அவன்கிட்ட கேக்கதுக்கு மெஷினக் கடல்ல போடலாம்னீரு?"

"மெஷினப் போட்டா மெஷின் மட்டும்தான் போவும். இவன் போயி ஆறு வருசமா நான் யாருக்கும் எதுவும் வச்சிட்டுப் போகல அண்ணாச்சி. எனக்கும் யாரும் வைக்கல. தப்பு என்னுதாவே இருக்கட்டும். இன்னைக்கே நாசரேத்துக்குப் போயி, அவன் வீட்டுக்காரி கிரேசி தங்கச்சி கையால ஒரு தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு, மன்னிச்சிருலேன்னு சொல்லிருதேன்."

மேஜைமேல் கிடந்த போன் அவர் கண்ணில் பட்டது. சப்போர்ட் பெண்ணை மறந்தே போயிருந்தார். நல்ல பிள்ளை, பாவம், அதற்கும் வேலை தெரியவில்லை.

"யம்மா, கோவிச்சுக்கிடாத. நீயும் எவ்வளவோ பாத்துட்ட. நான் போன வச்சிருதேன். பெர்சிக்குப் போடணும்."

"வச்சிராதீய மாமா!"

ஜீவமணி நின்றுவிட்டார். குரல் அதேதான். பேச்சு மட்டும் சென்னையை விட்டு இறங்கி நாசரேத்துக்கு வந்துவிட்டது.

"நான் பெர்சி மவ பேசுதேன் மாமா. 'அந்த டூலு மல்லாக்கக் கெடக்கு, கவுத்துப் போட்டாப் போதும், ஆனா அதச் சொல்லிட்டா அவன் போன வச்சிருவான், நீ தப்புத் தப்பாவே சொல்லிக்கிட்டு இரும்மா'ன்னு சொல்லிக்கிட்டு அப்பாதான் காலையிலருந்து என் பக்கத்துலயே உக்காந்திருக்காவ!"